இறங்கியது ஆத்தா இல்லை

கவரைப்பேட்டைக்கு மேற்கே, காற்று இந்தப் பக்கம் அடித்தால் ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கிறது அந்த ஊர். ஊரில் பாதிப் பேர் இன்னும் ஏரித் தண்ணீரை நம்பி நெல் போடுகிறவர்கள். மீதிப் பேர் கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு வேனில் போய் வருகிறவர்கள். சடையப்பனுக்கு நாலு ஏக்கர் கழனி, ஒரு போர்வெல், இரண்டு கறவை மாடு. ஒரே மகன் மணிகண்டன் இரும்புக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, சிநேகிதர்களோடு அங்கேயே ரூம் எடுத்துத் தங்கிவிட்டான். வீட்டில் சடையப்பனும் அவர் மனைவி ஜானகியம்மாளும்தான்.

ஜானகியம்மாள் என்ற பெயரை ஊரில் யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர்களுக்கு அவள் சடையப்பன் ஊட்டுக்காரி. சின்னவர்களுக்கு மணி அம்மா. சடையப்பனே அவளை "இந்தாமே" என்றுதான் கூப்பிடுவார். விடிவதற்கு முன்பே எழுந்து சாணி அள்ளி, பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்து உலை வைப்பாள். நடவு வந்தால் ஆட்களோடு சேர்ந்து குனிந்து நடுவாள். அவர்களுக்குச் சோறு போட்டு, கணவருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் பானையில் இருப்பதைச் சாப்பிடுவாள். நாலு ஆம்பிளைகள் நிற்கிற இடம் வந்தால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓரமாகப் போவாள்.

"எங்க ஊட்ல சத்தமே கேக்காது," என்று சடையப்பன் டீக்கடையில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவளைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்று இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

டிசம்பர் மாதத்துப் புயல் மழையில்தான் அது நடந்தது.

மூன்று நாளாக மழை விடவில்லை. ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் போகிற கலங்கல் வழியாக வழிந்து, ஓடையில் இறங்கி, ஊருக்கு வருகிற தரைப்பாலத்தின் மேல் முழங்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. காலையில் நைட் ஷிப்ட் முடித்த பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி வேன் வந்தது. டிரைவர் அந்தோணி அந்தப் பாலத்தை எத்தனையோ மழையில் கடந்தவன். முழங்கால் தண்ணீர்தானே என்று இறக்கிவிட்டான். வேன் பாலத்தைப் பாதி கடந்திருக்கும். மேலே எங்கோ ஒரு சின்ன ஏரியின் கரை உடைந்தது. தண்ணீர் ஒரேயடியாக ஏறி இன்ஜின் அணைந்தது. பக்கவாட்டில் நகர்ந்த வேன், பாலத்து ஓரத்தில் நட்டிருந்த கான்கிரீட் கல்லில் முட்டிக்கொண்டு நின்றது. உள்ளே இருந்த ஏழெட்டுப் பெண்களும் அந்தோணியும் ஜன்னல் வழியாக ஏறி வேனின் கூரையில் உட்கார்ந்துகொண்டார்கள்.

சடையப்பன் கழனியைப் பார்க்கப் போனவர், கூச்சல் கேட்டு ஓடி வந்தார். ஊரே கரையில் நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் செம்மண் நிறத்தில், வாழை மரத்தையும் வைக்கோல் கட்டையும் உருட்டிக்கொண்டு போனது. முன்னாள் தலைவர் சின்னராசு போனைக் காதில் வைத்தபடி கத்திக்கொண்டிருந்தார். தீயணைப்பு வண்டி கிளம்பிவிட்டதாம். ரோடெல்லாம் தண்ணீர் நிற்பதால் சுற்றிக்கொண்டுதான் வர முடியுமாம்.

"அது வர்ற வரைக்கும் அந்தக் கல்லு தாங்கணுமே," என்றார் யாரோ.

சடையப்பன் தன் மோட்டார் கொட்டகைக்கு ஓடினார். போர் மோட்டாரை இறக்கி ஏற்றுகிற நைலான் கயிறு அங்கே சுருட்டிக் கிடந்தது. நீளமான கயிறு, மோட்டாரும் பைப்பும் சேர்ந்த கனத்தைத் தாங்குவது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். கயிறு கிடைத்துவிட்டது. அதை அந்தக் கல் வரைக்கும் கொண்டுபோய்க் கட்டுவது யார் என்பதுதான் கேள்வி.

அன்புசெல்வன் என்கிற வாலிபன் தனக்குக் கிணற்று நீச்சல் தெரியும் என்று இறங்கினான். கயிற்று முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு நேராக வேனைப் பார்த்துப் பாய்ந்தான். நாலு கை போடுவதற்குள் தண்ணீர் அவனைப் புரட்டிக் கீழே கொண்டுபோய்க் கருவேலம் புதரில் தள்ளியது. இழுத்துக் கரையில் போட்டார்கள். முகமெல்லாம் முள் கிழித்திருந்தது. அதற்குப் பிறகு யாரும் இறங்கவில்லை. ஏரி வருஷத்தில் பாதி நாள் வற்றிக் கிடக்கிறது, கிணறுகள் போராகிவிட்டன. அந்த ஊர் ஆம்பிளைகளில் நீச்சல் தெரிந்தவர்கள் வேறு யாரும் மிச்சமில்லை. வேன் கூரை மேல் ஒரு பெண் ஜெபம் சொல்கிற குரல் மட்டும் மழையை மீறிக் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஜானகியம்மாள் வந்தாள். உரச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டிருந்தாள். நனைந்துபோன கணவருக்குத் துண்டு கொண்டுவந்திருந்தாள். துண்டை அவரிடம் கொடுத்துவிட்டு வழக்கம்போல் ஒதுங்கி நிற்காமல், கரையின் விளிம்பு வரைக்கும் போய்த் தண்ணீரைப் பார்த்தாள். வேனைப் பார்க்கவில்லை. தண்ணீர் எங்கே சுழிக்கிறது, எங்கே சரிந்து போகிறது என்று மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தாள். பிறகு திரும்பி வந்தாள்.

"உங்க சட்டையைக் கழட்டிக் குடுங்க," என்றாள்.

அவருக்கு விளங்கவில்லை. "எதுக்கு மே?"

"குடுங்க. நேரமில்ல."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவரைக் கழற்ற வைத்தது. அவள் அதை ரவிக்கையின் மேல் போட்டு பட்டனை மாட்டினாள். பிறகு, ஊரே பார்த்துக்கொண்டிருக்க, புடவையை உருவி அவர் கையில் கொடுத்தாள். பாவாடையைக் கால்களுக்கு நடுவே இழுத்து, ஆம்பிளைகள் தார்ப்பாய்ச்சுவது போல் இறுக்கிச் செருகினாள். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதா பார்ப்பதா என்று தெரியாமல் நின்றார்கள்.

சடையப்பன் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "உனக்குப் பைத்தியமா? இன்னா பண்ற நீ?"

"கையை உடுங்க," என்றாள். கெஞ்சலாகவும் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. "கயித்தைத் தளர்வா உட்டுக்கினே இருங்க. நான் கையைத் தூக்குற வரைக்கும் யாரும் இழுக்கக் கூடாது."

கயிற்று முனையில் பெரிய வளையமாக ஒரு முடிச்சுப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டாள். வேனை விட்டுவிட்டுக் கரையோடு, தண்ணீர் வருகிற மேற்குப் பக்கம் நடந்தாள். வெகு தூரம் நடந்தாள். அவள் பயந்து திரும்பிப் போகிறாள் என்றுதான் பலர் நினைத்தார்கள். ஒற்றைப் பனை மரத்தையும் தாண்டிப் போய், இடுப்பளவு தண்ணீரில் நின்று, முகத்தில் ஒரு கை தண்ணீர் அடித்துக்கொண்டாள். அடுத்த கணம் அவளைக் காணோம்.

சடையப்பன் கையில் கயிறு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் எழுந்தது நடு ஓடையில். தண்ணீரோடு சண்டை போடாமல் அது இழுக்கிற பக்கமே போய்க்கொண்டு, ஆனால் ஒவ்வொரு கைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கே நகர்ந்துகொண்டிருந்தாள். ஒரு மரக்கட்டை உருண்டு வந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு முழுகினாள். கட்டை தாண்டிப் போனது. அவள் தலை மறுபடி எழுந்தது. சடையப்பன் தண்ணீரில் போவது யாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகளை அவருக்குத் தெரியும். மாட்டுக்குத் தீவனம் அள்ளுகிற கைகள், அவருக்குச் சோறு போடுகிற கைகள். ஆனால் அவை இப்படித் தண்ணீரை வெட்டும் என்று அவர் எங்கே கண்டார்? அந்த வேகமும் ஒழுங்கும் ஒரு நாளில் வருவதில்லை என்பது நீச்சல் தெரியாத அவருக்கே புரிந்தது.

நீரோட்டம் அவளைச் சரியாக அந்தக் கான்கிரீட் கல்லின் மேல் கொண்டுவந்து சேர்த்தது. ஒரு கையால் கல்லை அணைத்துக்கொண்டு மறு கையால் வளையத்தை அதில் மாட்டி இறுக்கினாள். பிறகு கையைத் தூக்கினாள்.

"இழுங்கடா!" என்று சின்னராசு கத்தினார். கரையில் இருந்த முனையைப் புளிய மரத்தில் சுற்றி, ஆம்பிளைகள் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். கயிறு விறைத்தது.

கூரையிலிருந்து ஒவ்வொருத்தியாக இறங்கிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஜானகியம்மாள் ஒவ்வொருத்திக்கும் கீழ்ப்பக்கம் நின்று, ஒரு தோளால் முட்டுக் கொடுத்தபடி கரைக்குக் கொண்டுவந்து விட்டாள். மறுபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டே திரும்பிப் போனாள். கடைசிக்கு முன்னால் இருந்தவள் மெர்சி, காலனியைச் சேர்ந்தவள். கனத்த உடம்பு. இறங்க மாட்டேன் என்று கூரைக் கம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"என்னால முடியாதுக்கா. நீ டிரைவரை இட்டுனு போ."

"எம் மூஞ்சியப் பாரு, தண்ணியப் பாக்காத," என்றாள் ஜானகியம்மாள். "உம் பேரு இன்னா?"

"மெர்சி."

"மெர்சி, எங் கையைப் புடி. நான் உடமாட்டேன்."

மெர்சியும் வந்தாள். அவளுக்குப் பின்னால் அந்தோணி வந்தான். எல்லாரும் கரையேறிக் கொஞ்ச நேரத்தில் கல் பிடுங்கிக்கொண்டது. கயிறு விடைத்துச் சடையப்பனின் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு ஓடியது. வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, உருண்டு, கருவேலங் காட்டுக்குள் போய் மறைந்தது.

ஜானகியம்மாள் ஈர மண்ணில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். அப்போது கூட்டத்தில் ஒரு கிழவி, "ஆத்தா வந்துட்டாடா, எல்லையம்மா வந்துட்டா," என்று சொல்லி அவள் காலில் விழுந்தாள். அடுத்தடுத்து பலர் விழுந்தார்கள். யாரோ வேப்பிலையை ஒடித்து அவள் மடியில் வைத்தார்கள். சடையப்பனும் கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்கும் அதுதான் உண்மை என்று தோன்றியது. வேறு எப்படி அதை விளங்கிக்கொள்வது?

தீயணைப்பு வண்டி மதியம் வந்தது.

மழை விட்ட பிறகு, ஒரு சாயங்காலம், ஜானகியம்மாள் மாட்டுக் கொட்டகையில் கூந்தலை உதறிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். சடையப்பன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். புண்ணான உள்ளங்கையை அவள் எடுத்துப் பார்த்து மஞ்சள் வைத்தாள்.

"அன்னைக்கு உனக்கு ஞாபகம் இருந்துச்சா? இல்ல, ஆத்தா வந்ததுல ஒண்ணும் தெரியலியா?" என்று கேட்டார்.

"எல்லாம் ஞாபகம் இருந்துச்சு," என்றாள். "ஆத்தாவும் வரல, ஒண்ணும் வரல. எனக்கு நீச்சல் தெரியும்."

பிறகு மெல்லச் சொன்னாள். பூண்டி ஏரிக் கரையில் அவள் பிறந்த ஊர். அப்பா தேசப்பன் ஏரியில் தாமரை குத்தகை எடுத்தவர். திருப்பாச்சூர் கோயில் வரைக்கும் அவர் பூ போகும். ஆண் பிள்ளை இல்லாததால் மகளைத்தான் கூட இட்டுக்கொண்டு போவார். தாமரைக் கொடி காலைச் சுற்றினால் உதறாமல் தளர விடணும், தண்ணி இழுத்தா எதிர்க்காம குறுக்கால போவணும் என்று சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். பத்து வயதில் ஏரியின் குறுகலான பக்கத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவாள். வெள்ளக் காலத்தில் வாய்க்கால் வழியாக ஆற்றிலும் நீந்தியிருக்கிறாள்.

"வயசுக்கு வந்த அன்னியோட முடிஞ்சுது," என்றாள். "நைனாதான் நிறுத்தினாரு. அழுதுகினே நிறுத்தினாரு. உங்க ஊட்லேர்ந்து பொண்ணு பாக்க வந்தப்போ அத்தை சொல்லுச்சு, ஏரியில நீச்சல் அடிச்ச பொண்ணுன்னு தெரிஞ்சா ஆம்பள மாதிரி வளந்த பொண்ணுன்னு சொல்லிடுவாங்க, வாயத் தொறக்காதன்னு."

"அதுக்காக எங்கிட்டயுமா சொல்லாம இருந்த?"

அவள் அவரைப் பார்த்தாள். "பழவேற்காட்டுக்குப் போனமே, கண்ணாலமான புதுசுல. கொஞ்சம் உள்ள போய்ட்டு வரட்டான்னு கேட்டேன். பொம்பள பேசற பேச்சா இதுன்னு சிரிச்சீங்க."

அவருக்கு ஞாபகம் இருந்தது. உப்பு நீர் ஓரத்தில் புதுப்புடவையோடு நின்றவள், காலை மட்டும் நனைத்துக்கொண்டு திரும்பி வந்தது. அவருக்கு அன்று அது பெரிய விஷயமாகப் படவில்லை. மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினார்கள்.

விஷயம் அதோடு போகவில்லை. கரையில் நின்ற யாரோ போனில் எடுத்திருந்த படம் ஊர் ஊராகப் போயிற்று. கும்பிட்டவர்கள் ஒரு பக்கம் என்றால், அவள் புடவையை அவிழ்த்ததைப் பேசுகிறவர்கள் இன்னொரு பக்கம். சடையப்பனின் அண்ணன் வீட்டில் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மணிகண்டனுக்கு வேப்பம்பட்டில் ரம்யா என்ற பெண்ணைப் பேசி முடிக்கிற நிலையில் இருந்தார்கள்; பெண் வீட்டார் ஜாதகத்தை மறுபடி பார்க்கணும் என்று தள்ளிப்போட்டார்கள்.

சின்னராசு ஒரு நாள் வீடு தேடி வந்தார். "சடையப்பா, பொங்கல் வெச்சு உன் சம்சாரத்தைக் கோயில் முன்னால உக்கார வெக்கப் போறோம். ஆத்தா வந்துச்சுன்னு அது வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். சாமி வந்தவளுக்குத் துணி இன்னா, மானம் இன்னா? எல்லா பேஜாரும் அடங்கிடும். உன் புள்ள கண்ணாலமும் நடக்கும்."

அது நியாயமாகத்தான் பட்டது. சடையப்பன் அவளிடம் சொன்னார். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். கோயிலுக்கு மட்டும் வருகிறேன் என்றாள்.

எல்லையம்மன் கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. மஞ்சள் புடவையும் மாலையும் தட்டில் வைத்திருந்தார்கள். பம்பைக்காரர் தயாராக நின்றார். ஜானகியம்மாள் அம்மனைக் கும்பிட்டு விபூதி பூசிக்கொண்டாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். அத்தனை ஆம்பிளைகள் முன்னால் அவள் நிமிர்ந்து நின்று பேசியது அதுதான் முதல் தடவை.

"அந்த மாலை எனக்கு வாணாம்," என்றாள். "எம் மேல எந்த ஆத்தாவும் வரல. வந்துச்சுன்னு பொய் சொன்னா அந்த ஆத்தாவுக்கே அடுக்காது. எனக்கு நீச்சல் தெரியும். எங்க நைனா தேசப்பன் சொல்லிக் குடுத்தாரு. புடவை கால்ல சுத்தும், அதனால அவுத்தேன். தெரிஞ்சுதான் அவுத்தேன்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "சாமி வராம ஒரு பொம்பளையால அந்தத் தண்ணியில போவ முடியுமா?" என்று ஒரு குரல் கேட்டது.

கடைசி வரிசையிலிருந்து மெர்சி முன்னால் வந்தாள். கம்பெனி யூனிபார்ம் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக வந்திருந்தாள். காலனிக்காரர்கள் அந்தக் கோயில் வாசல் வரைக்கும் வருவது வழக்கமில்லை. கொஞ்சம் பேர் முகம் சுளித்தார்கள். அவள் பொருட்படுத்தவில்லை.

"எங் கையை இந்த அக்காதான் புடிச்சுது," என்றாள். "அந்தக் கை நடுங்கிச்சு. எனக்கு நல்லாத் தெரியும், ஒவ்வொரு விரலும் நடுங்கிச்சு. சாமிக்கு இன்னாத்துக்கு நடுங்கணும்? பயந்துகினேதான் அது அத்தினி வாட்டி திரும்பித் திரும்பி வந்துச்சு."

சடையப்பனின் மனம் அந்த வார்த்தையிலேயே நின்றது. அம்மன் இறங்கித் தண்ணீரைக் கடந்தாள் என்றால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? கடக்கத்தான் கடப்பாள். விடியலில் சாணி அள்ளுகிறவள், தனக்குப் பின்னால் நாலடி தள்ளி நடக்கிறவள், விரல்கள் நடுங்க நடுங்க அந்தச் செந்தண்ணீருக்குள் போய் வந்திருக்கிறாள். அதுவும் ஒரு தடவை இல்லை. அவர் கண்ணை மூடிப் பார்த்தார். அவளைவிடப் பெரிய ஒன்றை அவர் கண்டதில்லை என்று தோன்றியது. தன் வீட்டுக்குள் இத்தனை காலம் இது இருந்திருக்கிறது. தான் அதன் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறோம்.

அவருக்குப் பேச வராது. இருந்தாலும் எழுந்தார். "என் சம்சாரம் சொல்றதுதான் நெசம்," என்றார். "எனக்கே இப்பத்தான் தெரியும். சட்டையைக் கழட்டிக் குடுத்தவன் நான். அதுல மானக்கேடு ஒண்ணும் இல்ல. இருக்குதுன்னு சொல்றவங்க எங்கிட்ட சொல்லட்டும்."

பூசாரி மாலையை எடுத்துப் போய் அம்மனுக்கே சாத்தினார். பம்பை அடித்தது. பொங்கல் எல்லாருக்கும் கிடைத்தது; மெர்சிக்கு ஜானகியம்மாள் தன் கையாலேயே இலையில் வைத்துக் கொடுத்தாள்.

அண்ணன் வீட்டுப் பேச்சு இன்னும் சரியாகவில்லை. வேப்பம்பட்டுக்காரர்கள் ஒரு மாதம் கழித்துப் போன் செய்தார்கள். ரம்யாதான் வீட்டில் அடம் பிடித்தாளாம்: அந்த வீடுதான் வேணும் என்று. மாசியில் கல்யாணம் நடந்தது.

பங்குனி பிறந்தும் அந்த வருஷம் ஏரி வற்றவில்லை. ஒரு நாள் காலையில் பால் ஊற்றிவிட்டு வந்த ஜானகியம்மாள், "ஏரிக்குப் போறேன்," என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். சடையப்பன் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே நடந்தார். கரையில் பெரிய கருங்கல் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். அவள் மகனின் பழைய டிராக் பேண்டும் டி-ஷர்ட்டும் போட்டிருந்தாள். படியில் இறங்கினாள், தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், போய்விட்டாள்.

இப்போது வெள்ளம் இல்லை. ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. அவள் போகிற வழியில் ஒரு கோடு மட்டும் விரிந்து விரிந்து கரை வரைக்கும் வந்தது. நடுவில் போய் மல்லாந்து மிதந்தாள். நாரைகள் அவளைக் கண்டு பறக்கவும் இல்லை. அவர் கூப்பிட நினைத்தார். எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு கணம் தெரியவில்லை. பிறகு வாய்விட்டு, "ஜானகி," என்றார். அவ்வளவு தூரத்துக்கு அது கேட்டிருக்காது. அவள் திரும்பிக் கவிழ்ந்து, எதிர்க் கரையைப் பார்த்து நீந்த ஆரம்பித்தாள். அவர் கல்லை விட்டு எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.